முத்தங்காவில் ஒன்பது மணி

நான் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் கோயிலும் குளமும் வராகப் பெருமாளுக்குரியவை. சாலையில் அடிபட்டுச் சாகும் காட்டுப்பன்றியைப் பற்றி மட்டும் இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. காடு தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு காட்டைப் பற்றி எழுதுவது சுலபம்.

எழுதினேன். 2019இல் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது, இரவுப் போக்குவரத்துத் தடையை ஆதரித்து ஒரு கட்டுரை. கோழிக்கோட்டிலிருந்து மைசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 766, பந்திப்பூர் காட்டுக்குள் ஏறத்தாழ 20 கி.மீ. ஓடுகிறது. அங்கே 2009இல் வந்த தடை, இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை. ஆம்புலன்சுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. 'வயநாட்டாருக்கு அப்படி என்ன அவசரம்?' என்று கேட்டிருந்தேன்.

2022இல் ஒரு மாலை. மொழிபெயர்ப்புப் பட்டறைக்காகப் பத்தேரி போயிருந்தேன். மைசூரிலிருந்து அண்ணி போன் செய்தார். அண்ணாவுக்கு நெஞ்சுவலி. வாடகைக் காரில் முத்தங்கா சோதனைச் சாவடியை அடைந்தபோது மணி ஒன்பது ஐந்து. மலையாளத்தில் கெஞ்சினேன், பிறகு தமிழில் கத்தினேன். காவலர் கோபப்படவில்லை. "ஐந்து நிமிஷம் என்பது யானைக்குத் தெரியுமா ஸாரே?" என்றார்.

எனக்குத் தெரியாததா? மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். விளக்கு வெளிச்சத்தில் மான் கண்கூசி அப்படியே நின்றுவிடும். டிரைவரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சாலையோரப் புதரை வெட்டினால் அங்கே இளம்புல் முளைக்கும். அதைத் தேடி மான் இன்னும் நெருங்கி வரும். இத்தனையும் என் கட்டுரையிலேயே இருந்தது.

காரைத் திருப்பி மானந்தவாடி, குட்டா, கோணிக்கொப்பல், ஹுன்சூர் என்று சுற்றினோம். வழியில் டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் பேச நா எழவில்லை. ஒவ்வொரு வளைவிலும் செல்போனைப் பார்த்தேன். பாதி நேரம் சிக்னல் இல்லை.

இன்று கேட்டாலும் தடையை ஆதரிப்பேன். அந்த அவசரம் பற்றிய வரியை மட்டும் எழுத மாட்டேன்.

விடிவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணா பிழைத்துவிட்டார். தாமதத்துக்குக் காரணம் சொன்னதும், "நீ எழுதின தடைதானேடா?" என்று படுத்தபடியே சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை.