பிரயாணத் தரகர் கூலி

கூலி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவோர் மண் வெட்டுவோரும் மூட்டை சுமப்போருமேயாவர். நாற்காலியில் அமர்ந்து, கம்ப்யூட்டரின் முன்னே விரல்களை அசைப்பவரும் ஒரு கூலியாளே என்பது எளிதிற் புலப்படுவதில்லை. அது புலப்படாமையால் நாம் செய்த பிழையொன்றையும், அப்பிழையாற் கற்ற பாடத்தையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சென்ற கோடை விடுமுறையில், சிங்கப்பூரில் வாழும் நம் அத்தைக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. மகளின் அருகிலிருக்க ஆச்சி புறப்பட வேண்டும். ஆச்சி ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாயிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை ஒரு துணிப்பையிலிட்டு நம் கையிற் கொடுத்து, "நீ படித்த பிள்ளை; டிக்கட்டை நீயே வாங்கி வா" என்றார்.

நாம் பாளையங்கோட்டைக் கடைத்தெருவிலுள்ள ஒரு பிரயாண ஏஜெண்டினிடஞ் சென்றோம். அவர் முதலிற் கேட்டது ஆச்சியின் பாஸ்போர்ட்டு. அதனை நாம் கொண்டு சென்றிலோம். பின்னர் அவர் ஒரு தாளில் விமானச் சீட்டின் விலையை எழுதி, அதன் கீழ் 'சேவைக் கட்டணம் ரூ. 500' என்று தனியே எழுதிக் காட்டினார். நமக்குச் சினம் மூண்டது. "அண்ணாச்சி, நாலு பொத்தானை அமுக்குவதற்கு ஐந்நூறு ரூபாயா? இது பகற்கொள்ளையல்லவா?" என்றோம். கடையிலிருந்த இருவர் திரும்பிப் பார்த்தனர். அவரோ முகங்கோணாமல், "வேறிடத்தும் விசாரித்துவிட்டு வாருங்கள், தம்பி" என்றார்.

அன்றிரவே விமானக் கம்பெனியின் இணையதளத்தில் நாமே சீட்டை வாங்கினோம். ஐந்நூறு ரூபாய் மிச்சமாயிற்றென்று வீட்டிற் பெருமையும் பேசினோம்.

பயணத்திற்கு நான்கு நாட்களே இருந்தபோது, தந்தையார் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பு நோக்கினார். சீட்டில் நாம் பதித்திருந்தது ஊரும் உறவும் ஆச்சியை அழைக்கும் பெயர். பாஸ்போர்ட்டில் இருந்ததோ அவருடைய ஞானஸ்நானப் பெயர். இரண்டிற்கும் ஓர் எழுத்தளவும் ஒற்றுமையில்லை. பெயர்ச்சொல்லின் வகைகளை நன்னூல் முறைப்படி ஒப்புவிக்க வல்ல நாம், நம்மை வளர்த்தவரின் பெயரை அறிந்திலோம்! கம்பெனியாரைத் தொலைபேசியில் அழைத்தோம். எழுத்துப் பிழையைத் திருத்தலாகும், முழுப்பெயரை மாற்றுதல் ஆகாது என்றனர். வேறு வழியின்றி, நாம் பழித்துரைத்த அக்கடையின் படியை மீண்டும் ஏறினோம்.

"நான் கொடுத்த டிக்கட்டாயிருந்தால் கம்பெனிக்கு எழுதிப் போராடிப் பார்ப்பேன், தம்பி. நான் கொடாத டிக்கட்டில் என் கை நுழையாது" என்று அண்ணாச்சி உள்ளதை உள்ளவாறு உரைத்தார். புதுச் சீட்டே வாங்கவேண்டியதாயிற்று. பழைய சீட்டின் விலையில் வரியிற் சிறு பகுதியன்றி வேறொன்றும் மீளவில்லை. பிறக்கவிருந்த குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்க ஆச்சி முடிந்து வைத்திருந்த பணமும் அதனோடு போயிற்று.

புதுச் சீட்டுக்கு அவர் ஆவன செய்துகொண்டிருக்கையில், "உங்களுக்கு வருமானம் எவ்வாறு வருகிறது?" என்று தலைகுனிந்தவாறே வினவினோம். அவர் கூறியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்துக் கூறுவோம்.

இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்து தேசத்துத் தாமஸ் குக் என்பவர். பாப்டிஸ்டு சபையைச் சார்ந்த அவர் ஒரு காலத்தில் ஊரூராய்ச் சென்று பிரசங்கஞ் செய்தவர். மதுவிலக்கில் மிக்க ஆர்வமுடையவர். 1841 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5 ஆம் தேதி, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறக்குறைய 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மதுவிலக்குக் கூட்டமொன்றிற்கு ரெயிலில் அழைத்துச் சென்றார். 1845 ஆம் ஆண்டு முதல் அதனையே ஆதாயத்திற்குரிய தொழிலாகக் கொண்டார். ரெயில்வேக் கம்பெனியார் விற்ற சீட்டுகளின் தொகையில் ஒரு பங்கை அவருக்கு அளித்தனர். 1862 ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து ரெயில்வேயார் கூட்டச் சீட்டுகளை அவருக்குக் கொடுக்க மறுத்தபோது, அவர் ஐரோப்பாக் கண்டத்துப் பிரயாணங்களிற் கருத்தைச் செலுத்தினார். இங்ஙனம் எழுந்த அந்தப் பழைய நிறுவனம் 2019 ஆம் ஆண்டு செப்டம்பர் 23 ஆம் தேதி இங்கிலாந்தில் நொடித்து வீழ்ந்தது.

விமானக் கம்பெனிகளும் நெடுங்காலம் ரெயில்வேயாரின் வழியையே பின்பற்றின. நம் நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீட்டின் விலையில் நூற்றுக்கு 7 வீதம் தரகாகக் கிடைத்து வந்தது. இதனையன்றி, கம்பெனி குறைந்த விலையில் தரும் சீட்டைச் சற்று உயர்த்தி விற்று, இடையிலுள்ள தொகையை ஏஜெண்டு தாமே வைத்துக்கொள்வதும் உண்டு. இவ்வகைத் தொகையும் தரகே, ஏஜெண்டு கம்பெனியின் பிரதிநிதியே என்று நம் உச்சநீதிமன்றம் 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு வருமானவரி வழக்கிற் தீர்ப்பளித்தது.

காலம் மாறிற்று. அமெரிக்காவில் டெல்ட்டா என்னும் கம்பெனி 1995 ஆம் ஆண்டில் உள்நாட்டுத் தரகிற்கு 50 டாலர் உச்சவரம்பு விதித்தது; 2002 ஆம் ஆண்டில் அடிப்படைத் தரகை அறவே நிறுத்தியது. மற்றக் கம்பெனிகளும் அவ்வழி நடந்தன. 2008 ஆம் ஆண்டையொட்டி இந்தியாவிலும் இவ்வலை வந்தது. பிரயாணிகள் தாமே இணையத்தில் வாங்கத் தலைப்பட்ட பின்னர், இடையில் நிற்பவருக்குப் பங்கு ஏன் என்று கம்பெனிகள் எண்ணின போலும்.

இனி ஏஜெண்டு பிழைப்பது எவ்வாறு? ஓட்டல்காரரும் பிரயாண இன்ஷூரன்ஸ் கம்பெனியாரும் விற்பனையிற் பங்கு தருகின்றனர். அமடியஸ், சேபர் போன்ற முன்பதிவு நிறுவனங்கள் விமானக் கம்பெனிகளிடம் தாம் பெறும் கட்டணத்திற் சிறிது ஏஜெண்டுகளுக்கு அளிக்கின்றன. குறித்த அளவுக்குமேல் விற்றால் ஊக்கத்தொகை தரும் விமானக் கம்பெனிகளும் உண்டு. எஞ்சியது, பிரயாணியிடம் வெளிப்படையாய்க் கேட்டு வாங்கும் சேவைக் கட்டணமே.

இங்கே அண்ணாச்சி கூறிய ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. "கம்பெனி ஏழு சதவீதம் தந்த காலத்தில் உனக்கு எவ்வளவு என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை, தம்பி, அதுவும் உங்கள் டிக்கட்டு விலைக்குள்ளேயே இருந்ததுதான். இன்று தாளில் எழுதிக் கேட்கிறேன், கொள்ளை என்கிறார்கள். இன்னொன்றும் சொல்லுகிறேன். வருஷ முடிவில் ஊக்கத்தொகை தருகிற கம்பெனியின் பெயர்தான் என் நாவில் முதலில் வரும். அதை நான் அடக்கிக்கொள்ளவேண்டும். எல்லா நாளும் முடிகிறதில்லை."

ஒருவன் இரு எஜமானருக்கு ஊழியஞ் செய்தல் இயலாதென்னும் வேதபோதனையைச் சிறுபிராயமுதற் கேட்டு வருகிறோம். அதனை அவ்வூழியனுக்குரிய எச்சரிப்பென்றே இதுகாறும் கருதியிருந்தோம். எஜமானருக்கும் அதில் ஒரு பங்குண்டென்று அன்று கண்டோம். நமக்கு ஊழியஞ் செய்பவனுக்குரிய கூலியை நாமே கொடாவிடின், அவன் மற்றொருவரிடம் கைந்நீட்டத்தான் வேண்டும். அங்ஙனம் நீட்டியபின், அவன் சொல் நம் நன்மையைக் கருதியதோ, கூலி கொடுத்தவரின் நன்மையைக் கருதியதோ என்று ஐயுறுவதும் நாமே. மறைவாய் எடுத்த காலத்தில் அவரை உபகாரி என்றது உலகம். வெளிப்படையாய்க் கேட்ட அன்று நாம் அவரைக் கொள்ளைக்காரர் என்றோம்.

அண்ணாச்சி நம் இக்கட்டைக் கண்டு கட்டணத்தை உயர்த்தவுமில்லை, இரங்கி விட்டுவிடவுமில்லை. முன் சொன்ன அதே 500 ரூபாயை எழுதினார். நாம் கொடுத்தோம். பழைய சொல்லுக்காக மன்னிப்பும் கேட்டோம். "அதை அன்றே மறந்துவிட்டேன்" என்றார். மறந்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

வீட்டிற்கு வந்து ஆச்சியிடம் கணக்கை ஒப்புவித்தபோது, அவர் கொலுசைப்பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளைக்கு உரியதைக் கொடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

சீட்டை அச்சிடுமுன் அண்ணாச்சி ஆச்சியின் பாஸ்போர்ட்டைக் கையிலேந்தி, அப்பெயரை எழுத்தெழுத்தாய் இருமுறை உரக்கப் படித்து, நம்மையும் படிக்கச் செய்தார். நம் ஆச்சியின் முழுப்பெயரை நாம் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதன்முறை. முதல் நாள் பாஸ்போர்ட்டைக் கேட்ட அக்கேள்விக்குரிய கூலியே அந்த 500 ரூபாய் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.