பால் இல்லாத கள்ளி

எங்கள் ஊரில் விதை போட்டால் சீக்கிரம் பலன் தெரிய வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல். நாலு மாசத்தில் அறுவடை. ஆனால் நான் ஏழாம் வகுப்பில் போட்ட விதை, ஒன்பதாம் வகுப்பு வந்த பிறகும் சுண்டைக்காய் அளவுதான் இருக்கிறது! அந்தக் கதையைத்தான் இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன்.

ராணுவத்தில் இருக்கும் என் சித்தப்பா லீவுக்கு வந்தபோது, காலிம்பாங்கில் ஒரு பண்ணையில் வாங்கிய சின்னப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே இருபது விதைகள். கறுப்பாக, பளபளவென்று, குட்டித் தொப்பி மாதிரி. பெயர் ஆஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டீரியாஸ். நட்சத்திரக் காக்டஸ் என்று சொல்லலாம். முள்ளே கிடையாது. சொந்த ஊர் அமெரிக்காவின் டெக்சாஸும் மெக்சிகோவும். காட்டை அழித்ததாலும், தோண்டி எடுத்து விற்றதாலும் அங்கேயே அரிதாகிவிட்டது. 1993-ல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையில் உள்ள செடி என்று அறிவித்தது. உலகின் காக்டஸ் வகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஆபத்தில் இருப்பதாக 2015-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. "அதான் விதை போட்டு வளத்துப் பாருன்னு சொல்றேன்" என்றார் சித்தப்பா.

அப்பத்தாவிடம் காட்டினேன். "கள்ளியா? அத வீட்டுக்குள்ள கொண்டாராத தாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. முள்ளுக்குப் பயப்படுகிறது என்று நினைத்து, மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, நிழலில் வைத்தேன்.

சலித்த ஆற்றுமணல் இரண்டு பங்கு, செங்கல் பொடி ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. ஓட்டை போட்ட டப்பாவில் இதை நிரப்பி, பூஞ்சை சாவதற்காகக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டேன். விதையைப் புதைக்கக் கூடாது. மேலே வைத்து, டப்பாவைப் பாலிதீன் பையால் மூடினேன். ஐந்தாம் நாள் கடுகு மாதிரி பச்சை உருண்டைகள்! மொத்தம் பதினாலு முளைத்தன.

ஆடிச் சாரல் வந்தது. காற்றே ஈரமாக இருக்கும்போது நான் பையைத் திறந்து விட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தினமும் தண்ணீர் வேறு தெளித்தேன். பூஞ்சை பிடித்துவிட்டது. நாலே நாளில் எட்டுச் செடிகள் அடி அழுகிச் சாய்ந்துவிட்டன. அழுகை அழுகையாக வந்தது. என்ன ஆச்சு என்று பார்க்க, சாய்ந்த ஒன்றை பிளேடால் வெட்டினேன்.

பின்னாலிருந்து அப்பத்தா குரல். "என்னத்தா, பால் வரல?"

"இது வேற அப்பத்தா. பால் வடியிற திருகுகள்ளி, சதுரக்கள்ளியெல்லாம் ஆமணக்குக் குடும்பம். இது காக்டஸ். நம்ம சப்பாத்திக்கள்ளி சாதி. வெறும் தண்ணிதான் இருக்கு" என்றேன்.

அப்பத்தா அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தது. ரொம்ப நேரம் கழித்துச் சொல்லுச்சு: "எனக்கு அடுத்துப் பொறந்தவளுக்குக் கள்ளிப்பாலத்தான் ஊத்துனாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் நம் தேனி மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். அது என் வீட்டுக் கதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் பள்ளி விட்டுப் போனபோது டப்பா மாடியில் இல்லை. தேடினால் திண்ணையில் இருந்தது. எறும்பு ஏறாமல் இருக்க அப்பத்தா சுற்றிலும் மஞ்சள்தூள் போட்டிருந்தது.

மிச்சம் இருந்த ஆறில் ஒன்றை அணில் தின்றுவிட்டது. இப்போது ஐந்து இருக்கின்றன. மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் விடுகிறோம். அவசரப்பட்டால் செத்துப்போகும் என்பதை எட்டுச் செடிகளைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் அப்பத்தா கேட்டது, "இது எப்பத்தா பூக்கும்?"

"இன்னும் மூணு நாலு வருசம் ஆகும். மஞ்சப் பூ, நடுவுல சிவப்பா இருக்கும்."

"அப்ப நீ காலேசுக்குப் போயிருவ. தண்ணி நான் ஊத்திக்கிறேன். எத்தன நாளைக்கு ஒருக்கன்னு செவுத்துல கோடு போட்டு வச்சுட்டுப் போ."

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் காலேஜுக்குப் போவேன் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது அப்பத்தாதான்.

நண்பர்களே, பூத்து விதை வந்தால் கேட்பவர்களுக்குத் தருகிறேன். கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி