எட்டோஷாவின் நீர்த்துறைகள்

ஆப்பிரிக்காவின் வனவிலங்குகளைக் காணச் செல்ல எண்ணும் அன்பர்களே! சிங்கம், யானை, காண்டாமிருகம் என்று பட்டியல் எழுதிக்கொண்டு புறப்பட வேண்டாம். நமீபியா நாட்டின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குச் செல்வதாயின் தண்ணீரையும் கதிரவனையும் கணக்கிட்டுப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் சரியாக அமைந்தால், இறைவன் நாடினால், விலங்குகள் தாமே உங்கள் முன் வந்து நிற்கும்.

தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து வடக்கே சுமார் 435 கிலோமீட்டர் சென்றால் ஒகாகுவேயோ முகாமை அடையலாம். பூங்காவின் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதில் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் வெள்ளை வெளேரென்ற உப்புப் படுகை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். அப்போது எங்கும் குட்டைகள் நிறைந்திருப்பதால் விலங்குகள் சிதறிவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை, படுகையின் தென்கரையிலுள்ள ஊற்றுகளையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நாடி அவை வந்தே தீரவேண்டும். வாகனத்தில் ஓடி ஓடித் தேடுபவரைவிட, ஒரு நீர்த்துறையருகே இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பொறுத்திருப்பவரே மிகுதியாகக் காண்பர். மலேரியா உள்ள பகுதியாதலால் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

தொழுகைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். முகாமின் வாயில் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடப்படுகிறது. எனவே பஜ்ரைத் தொழுதுவிட்டே புறப்படலாம். மஃக்ரிபுக்குள் திரும்பியே ஆகவேண்டும். இடையில் வேலியிட்ட இளைப்பாறும் இடங்களைத் தவிர வேறெங்கும் வாகனத்தைவிட்டு இறங்குதல் கூடாது. ஒகாகுவேயோவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் ஹலாலி முகாம் இருக்கிறது. (பெயரைக் கண்டு மயங்கி உணவகத்து இறைச்சியை ஹலால் என்று கருதிவிடாதீர்கள்! காய்கறி, ரொட்டி, முட்டை முதலியவற்றை விண்ட்ஹுக்கிலேயே வாங்கிச் செல்வது நலம்.) லுஹரை அங்கே தொழலாம். ஷாஃபி மத்ஹபினர் பயணச் சலுகைப்படி அஸரையும் அதனுடன் சேர்த்துத் தொழுதுகொள்ளலாம். ஹனஃபி மத்ஹபினர் மாலை உலாவைச் சற்றுக் குறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே கிப்லா வடகிழக்கு. அதிலும் வடக்கைச் சற்று ஒட்டியது.

இஷாவுக்குப் பின் உறங்கிவிட வேண்டாம். கம்பளிப் போர்வையுடன் ஒகாகுவேயோ நீர்த்துறையின் தாழ்ந்த சுவரோரம் அமருங்கள். மெல்லிய விளக்கொளியில் கறுப்புக் காண்டாமிருகம் ஓசையின்றி வரும். யானைக் கூட்டம் வந்தால் அது விலகி நிற்கும். பின்னர் தன் முறைக்குப் பருகும்.

தாகித்து வரும் மனிதனுக்கும் கால்நடைக்கும் நீர்நிலையில் பருகும் உரிமை உண்டு என்பதை 'ஹக்குஷ் ஷஃபா' என்ற தலைப்பில் நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. மதரஸாவில் அப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு எட்டோஷாவின் ஹைஓம் மக்கள் நினைவுக்கு வருகின்றனர். இந்நீர்த்துறைகளைச் சுற்றி வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். 1907-ல் ஜெர்மானிய ஆட்சி இவ்விடத்தைக் காப்பகமாக அறிவித்தபோதும் அங்கேயே இருந்தனர். 1954-ல், பூங்காவில் வேலை பெற்ற சிலரைத் தவிர, ஏனையோரை அன்றைய தென்னாப்பிரிக்க நிர்வாகம் வெளியேற்றியது. விலங்குகளுக்குத் தண்ணீர் இருந்தது, அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. 1990-ல் நாடு விடுதலை பெற்றது. 2015-ல் அவர்களுள் சிலர் நீதிமன்றத்தை அணுகினர். தம் சமூகம் முழுவதன் பெயராலும் வழக்கு நடத்த அவர்கள் கேட்ட அனுமதியை 2022-ல் உச்சநீதிமன்றமும் மறுத்துவிட்டது.

உங்களுக்கு வழிகாட்டியாக ஹைஓம் ஒருவர் வாய்த்தால், சிங்கம் எங்கே என்று கேட்குமுன், அவருடைய பாட்டனார் தண்ணீர் மொண்ட துறை எது என்று கேளுங்கள். அங்கே வாகனத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.