கூடுதலாய் ஓர் இழை

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சம்பத்கிரி மலையின் அடியில் அமைந்தது போளூர். அதனைச் சூழ்ந்த சிற்றூர்கள் சிலவற்றிலும், அண்மையிலுள்ள ஆரணியிலும் பட்டு நெசவே பல குடும்பங்களின் வாழ்வு. அவ்வீடுகளில் தறியின் ஓசை கேட்டே குழந்தைகள் உறங்குகின்றன. அவ்வோசை கேட்டே விழிக்கின்றன. பாவு ஓட்டுவோர் இழைகளை எண்ணியே ஓட்டுவர். ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே ஒன்று மிகுந்துவிட்டால் சேலை நெய்யப்படாமல் போவதில்லை. ஆயினும் அவ்விழை செல்லும் இடமெல்லாம் நெசவு சற்றே வேறுபடும். பழகிய விரல் அதனை அறியும். அறிந்து, அதற்கேற்பத் தறியைச் செலுத்தும்.

மனித உடலுக்கும் அத்தகைய கணக்கு ஒன்று உண்டு. உடலின் உயிரணுக்களுக்குள் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23, ஆக 46 என்பது இயல்பான கணக்கு. சிலருக்கு 21-ஆம் இணையில் இரண்டுக்கு மாறாக மூன்று இருக்கும். மொத்தம் 47 ஆகும். இந்நிலைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று பெயர். உலகில் ஏறத்தாழ 1,000 முதல் 1,100 பிறப்புகளுக்கு ஒன்று இவ்வாறு அமைகின்றது. ஏழை, செல்வர் என்றோ, இந்நாட்டார், அந்நாட்டார் என்றோ அது பார்ப்பதில்லை.

‘டவுன்’ என்னும் சொல்லைக் கேட்டுத் தாழ்வு என்று பொருள் கொள்வோர் உளர். அஃது ஒரு மருத்துவரின் பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லாங்டன் டவுன் 1866-இல் இந்நிலையின் அடையாளங்களை முதன்முதலில் தெளிவாகத் தொகுத்து எழுதினார். அவர் கண்டது உண்மை. இட்ட பெயரோ பிழை. இக்குழந்தைகளின் முகத்தை மங்கோலிய மக்களின் முகத்தோடு ஒப்பிட்டு அவர் இட்ட பெயர், ஓர் இனத்தாருக்கே இழுக்காக நூறாண்டு வழங்கிற்று. உலக நலவாழ்வு நிறுவனம் 1965-இல் அதனைக் கைவிட்டது. காரணம் இன்னதென்று தெரிந்தது 1959-இல். பாரிசு நகரின் ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்தெடுத்தவர் மார்த் கோத்தியே என்னும் பெண் மருத்துவர். முடிவை வெளியிட்ட கட்டுரையில் முதலில் நின்ற பெயரோ ஜெரோம் லெஜூன் என்பவருடையது. அப்பெண்மணியின் பங்கு பல ஆண்டுகள் கழிந்த பின்னரே பரவலாகப் பேசப்பட்டது.

காரணம் தெரிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், பழியைத் தாயின் தலையில் சுமத்தும் வழக்கம் ஊர்ப்புறங்களில் முற்றும் ஒழியவில்லை. ‘கிரகணத்தன்று வெளியே வந்தாள், ஆகாததை உண்டாள்’ என்பர். இவை எவற்றாலும் ஒரு குரோமோசோம் கூடுவதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, பிரிந்து செல்ல வேண்டிய இணை பிரியாமல் நின்றுவிடுவதே பெரும்பாலும் காரணம். அது நிகழும்போது தடுக்கவும் இயலாது, அறியவும் இயலாது. உறவுமுறைத் திருமணத்தால் மிகும் பிறவி நோய்கள் சில உள்ளன. டவுன் சிண்ட்ரோம் அவற்றுள் ஒன்றன்று. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு ஏறும் என்பது மெய்யே. 35 வயதில் ஏறக்குறைய 350 பிறப்புக்கு ஒன்று. 40 வயதில் 100-க்கு ஒன்று. ஆயினும் இளந்தாய்மார்க்கே மிகுதியான குழந்தைகள் பிறப்பதால், இக்குழந்தைகளுள் பலருடைய அன்னையரும் இளையோரே. மிகச் சிலரிடம் மட்டும் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமுடன் ஒட்டியிருக்கும். அவ்வகை பெற்றோர் ஒருவர் வழியாக வரக்கூடும். ஆதலின் குழந்தையின் குரோமோசோமைச் சோதித்து அறிவது, அடுத்த மகப்பேற்றை எண்ணும் பெற்றோருக்குப் பயன்படும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அச்சோதனை செய்யப்படுகின்றது.

கூடிய இழையை எந்த மருந்தாலும் நீக்க முடியாது. ஆனால் அவ்விழையோடு வரும் நோய்கள் வேறு, இழை வேறு. இவ்வேறுபாட்டை உணராமையால் இழந்த உயிர்கள் பல.

போளூரை அடுத்த ஒரு நெசவாளர் இல்லத்தில் அத்தகைய குழந்தை பிறந்ததாக எண்ணிப் பார்க்கலாம். கண்கள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்துள்ளன. மூக்கின் அடி தட்டையாக உள்ளது. தூக்கினால் உடல் துவள்கிறது. தசைகளின் இறுக்கம் குறைவாதலின் பால் உறிஞ்சவும் அதற்கு வலுவில்லை. பால் குடிக்கும்போதே களைத்து, நெற்றி வியர்த்து, மூச்சு வாங்குகிறது. ‘இத்தகைய குழந்தை இப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டார் தேறுதல் கொள்கின்றனர். அந்தத் தேறுதலே ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு. அறைகளுக்கிடையே உள்ள சுவரில் துளை இருப்பின், நுரையீரலுக்கு மிகுதியான குருதி பாயும். அங்கே அழுத்தம் ஏறி, நாளடைவில் நுரையீரலின் குழாய்கள் கெட்டுவிடும். கெட்ட பின்னர் அறுவை மருத்துவமும் உதவாது. பெருந்துளைகளை முதலாண்டிற்குள் அடைத்துவிட்டால் குழந்தை தேறும். ஆதலால் பார்வைக்கு நலமாகத் தோன்றினும், பிறந்த சில நாள்களில் எதிரொலிக் கருவியால் இதயத்தைச் சோதிப்பது கட்டாயம்.

இதயத்தின் குறை மூச்சில் தெரியும். செவியின் குறையோ எதிலும் தெரிவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புவதில்லை. சொல்லிக் கொடுத்த சொல்லைத் திருப்பிச் சொல்வதில்லை. ‘அறிவு குறைவு’ என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. இக்குழந்தைகளின் செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் குறுகியது. அதனால் செவிப்பறையின் பின்னே நீர் தேங்கும். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு எப்போதேனும் கேள்விக்குறை நேர்கிறது. நீரை வெளியேற்றியோ, செவிக்கருவி பொருத்தியோ கேட்கச் செய்துவிட்டால், பல சொற்கள் மெல்ல மெல்ல வரத் தொடங்கும். தைராய்டு சுரப்பியின் கதையும் இதுவே. அது குன்றினால் குழந்தை சோம்பும், பருக்கும், மந்தமாகும். ஆண்டுக்கு ஒருமுறை குருதிச் சோதனையும், நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையும் அதற்குப் போதும். கண்ணும் அவ்வாறே சோதிக்கத் தக்கது.

கழுத்தெலும்பின் மேற்பகுதி சிலருக்கு உறுதியற்று இருப்பதால், தலைகீழாக உருளும் விளையாட்டுகளுக்கு முன் மருத்துவரைக் கேட்பது நலம்.

அமெரிக்க நாட்டில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு. இன்று அது 60 ஆண்டை எட்டியுள்ளது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குரோமோசோம் மாறவில்லை. மாறியது மற்றவர்களின் நடத்தை. முன்பு இக்குழந்தைகளைத் தனி விடுதிகளில் ஒதுக்கினர். இதய அறுவையும் இவர்களுக்கு வேண்டாமென மறுத்தனர். மறுத்ததைச் செய்தவுடன் ஆயுள் வளர்ந்தது. ஆயுள் வளர்ந்ததால் புதிய துன்பமும் ஒன்று முன்வந்தது: நடுவயதிலேயே நினைவு மங்கும் அல்சைமர் நோய் இவர்களைப் பெரிதும் தாக்குகிறது. பெற்றோர் முதுமை அடையும் காலத்திலேயே பிள்ளைக்கும் அம்முதுமை வந்து சேர்வதால், பின்னர்க் காப்பவர் யார் என்னும் கவலை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

வளர்ச்சி வரும், தாமதித்து வரும். மற்றக் குழந்தைகள் ஓராண்டில் நடக்கத் தொடங்கினால், இவர்கள் ஏறத்தாழ இரண்டாம் ஆண்டில் நடப்பர். சிலருக்கு மேலும் நாளாகும். பேசுவதினும் புரிந்துகொள்வது மிகுதி. ஆதலின் பேச்சைக் கொண்டு அறிவை அளப்பது தவறு. காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது இவர்கள் மனத்தில் நன்கு பதியும். படங்களைக் காட்டிச் சொற்களைக் கற்பித்தால், பலர் படிக்கவும் கற்கின்றனர். தறி வீட்டில் பாடத்திற்குப் பஞ்சமில்லை. வண்ணம் வண்ணமாக நூலைப் பிரித்து வைத்தல், தார் சுற்றுதல், சுற்றிய தார்களை எண்ணிக் கூடையில் இடுதல் ஆகிய ஒவ்வொன்றும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கத் தக்க வேலை. ஒரு படியை நூறுமுறை செய்து காட்டப் பொறுமையுள்ள பாட்டி ஒருத்தி வீட்டில் இருப்பாளாயின், அவளைவிடச் சிறந்த ஆசிரியர் அமைவது அரிது.

தமிழகத்தில் இவ்வறிவைப் பரப்பியவர்களுள் சென்னையைச் சேர்ந்த சுரேகா ராமச்சந்திரன் குறிப்பிடத் தக்கவர். தம் மகள் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தபோது, வழிகாட்டுவார் அரியராய் இருந்தனர். அவர் தாமே கற்றார். தம்மைப் போன்ற பெற்றோரை ஒன்று திரட்டினார். 1980-களில் தொடங்கிய அம்முயற்சியே இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக வளர்ந்தது. 2012 முதல் ஐக்கிய நாடுகள் அவை மார்ச் 21-ஆம் நாளை உலக டவுன் சிண்ட்ரோம் நாளாகக் கொண்டாடுகின்றது. மூன்றாம் மாதமும் 21-ஆம் நாளும் எதனைக் குறிக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைச் சோதிக்கின்றனர். அவர்கள் தேடும் பிறவிக் குறைகளின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. எனினும், சோதனை முடிந்து மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டைக் கையில் பெற்ற தாய், ஒருநாள் தறியை நிறுத்தினால்தான் பேருந்து ஏற முடியும். அந்நாள் கூலி போய்விடும். அவளைப் போகவொட்டாமல் தடுப்பது பெரும்பாலும் அறியாமை அன்று. அந்த ஒருநாள் கூலியே.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குழந்தைகளுக்கும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் உரிமையை அளித்துள்ளது. அவ்வாறு அமர்ந்த மாணவனிடம் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புகிறார். வினா அவன் செவியில் புகுந்து, பொருளாகி, சொல்லாகி, நாவுக்கு வந்து சேரப் பத்து நொடி ஆகலாம். ஐந்தாம் நொடியிலேயே, பின்வரிசையிலிருந்து எவரேனும் ஒருவர் விடையைச் சொல்லிவிடுகின்றனர்.