காரைக்குடி: இசைத்தட்டுக் கடையிலிருந்து படப்பிடிப்புத் தளம் வரை

காரைக்குடி என்றதும் வெளியூர்க்காரர் நினைவுக்கு வருபவை பெரிய வீடுகளும் காரசாரமான சாப்பாடும்தான். சிவகங்கை மாவட்டத்தின் இந்த ஊருக்கு வருகிற பயணிகள் ஆயிரம் ஜன்னல் வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆத்தங்குடிக்குப் போய்ப் பூக்கல் வார்ப்பதைப் பார்க்கிறார்கள். பழம்பொருள் கடைகளில் வெண்கலப் பானையையும் மங்குச் சாமானையும் விலை பேசுகிறார்கள். இந்த ஊருக்கு நல்ல காது உண்டு என்பது மட்டும் அவர்களில் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஊருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் அரியக்குடி. திருவேங்கடமுடையான் கோயிலால் தென்திருப்பதி என்று பெயர் பெற்ற அந்தச் சிற்றூரில்தான் 1890-ல் ராமானுஜ ஐயங்கார் பிறந்தார். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், விரிவான ராகம், தனி ஆவர்த்தனம், துக்கடா என்று இன்றைக்குக் கச்சேரி மேடையில் நடக்கும் வரிசை அவர் பிடித்துக் கொடுத்த வழி. காரைக்குடியிலேயே வாழ்ந்தவர்கள் வீணைச் சகோதரர்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் மடியில் கிடத்தி வாசிப்பார். இரண்டும் சேர்ந்த நாதத்துக்குக் ‘காரைக்குடி பாணி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1952-ல் சங்கீத நாடக அகாதெமி தன் முதல் விருதுகளைக் கர்நாடக இசைக்கு வழங்கியபோது பெற்ற இருவர் அரியக்குடியாரும் சாம்பசிவ ஐயரும். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பெயர்களைத் தாங்கிய இரண்டு கலைஞர்கள் ஒரே மேடையில் தேசத்தின் மரியாதையை வாங்கினார்கள். பின்னாளில் மிருதங்கத்தில் அதே ஊர்ப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனவர் காரைக்குடி மணி.

இந்தக் கலைஞர்களை வாழவைத்ததில் நகரத்தார் வீட்டு விசேஷங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லைக் கதவு திறக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். கல்யாணம் என்றாலும் அறுபதாம் ஆண்டுச் சாந்தி என்றாலும் நாகஸ்வரமும் கச்சேரியும் இல்லாமல் நடக்காது. வளவுத் தூணில் சாய்ந்தபடி ஆச்சிமார் கேட்டார்கள், முகப்புத் திண்ணையில் செட்டியார்கள் தலையாட்டினார்கள், தெருவில் நின்று ஊரே கேட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே போகும் சபாப் பழக்கம் வருவதற்கு முன்பே இங்கே பாட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

பெட்டியடியில் ஒரு பையன்

அந்த வீடுகளைக் கட்டிய பணம் கடல் கடந்து வந்தது. பர்மா, மலாயா, இலங்கை என்று நகரத்தார் ‘கொண்டுவிக்க’ப் போனார்கள். சிறு பையனாகப் பெட்டியடியில் உட்கார்ந்து, கணக்கு எழுதப் பழகி, படிப்படியாக மேலே வருவது அவர்கள் முறை. அந்த வழியில் போகாமல் உள்ளூரிலேயே கடை வைத்தவர்களும் இருந்தார்கள். ஆவிச்சி செட்டியார் அப்படி ஒருவர். காரைக்குடியில் அவர் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் பலசரக்குச் சாமான்களோடு கிராமபோன் இசைத்தட்டும் விற்றது. அவருடைய மகன் மெய்யப்பன் 1907 ஜூலை 28 அன்று பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவின் கடைக்கு வந்துவிட்டார்.

அந்தக் காலத்து இசைத்தட்டு வியாபாரத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். அரக்கில் வார்த்த கருப்புத் தட்டு. கைதவறினால் ஓடு மாதிரி உடையும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் பாடும். பெட்டிக்குப் பக்கவாட்டில் சாவி கொடுத்து முறுக்க வேண்டும், ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். பார்த்து மட்டும் வாங்கக்கூடிய சரக்கு அல்ல அது. கடைக்காரர் போட்டுக் காட்டினால்தான் விற்கும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ரசனை: நாடகப் பாட்டு, கீர்த்தனை, பக்திப் பாட்டு. எந்தத் தட்டை வைத்ததும் கை பணப்பைக்குப் போகிறது, எந்தத் தட்டுக்கு முகம் சுளிக்கிறது என்பதை எதிரே நிற்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். மெய்யப்பன் பாடகர் அல்லர். சங்கீதம் முறையாகக் கற்று மேடையேறியவரும் அல்லர். வாடிக்கையாளரின் முகத்தை வைத்தே எந்தக் குரல் எடுபடும் என்று கணிக்கும் பயிற்சி அவருக்கு அந்தக் கடையில் கிடைத்தது. அவருடைய பிற்கால முடிவுகள் பலவற்றில் அந்தக் கடைக்காரரைப் பார்க்கலாம்.

விற்றால் மட்டும் போதாது, தட்டையே தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைச் சென்னைக்கு இழுத்தது. 1932-ல் நண்பர்களோடு கூட்டாகச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஜெர்மானிய நிறுவனமான ஓடியனுடன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு தமிழ்ப் பாட்டுகளையும் நாடகங்களையும் தட்டில் கொண்டுவந்தார். பாபநாசம் சிவன் அங்கே பாட்டமைத்தார்.

விழுந்தும் விடாத ஆள்

பேசும் படம் வந்ததும் தட்டு வியாபாரத்தின் போக்கு மாறியது. சினிமாப் பாட்டுதான் இனி விற்கும் என்று தெரிந்துகொண்ட மெய்யப்பன் 1935-ல் கல்கத்தாவில் அல்லி அர்ஜுனா எடுத்தார். கையைச் சுட்டுக்கொண்டார். அதே ஆண்டு வந்த ரத்னாவளியும் தூக்கிவிடவில்லை. காரைக்குடி வழக்கப்படி கணக்கைப் பார்த்து ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. 1938-ல் நந்தகுமார் வந்தது. கிருஷ்ணனாகப் பாடி நடித்த சிறுவன் டி.ஆர்.மகாலிங்கத்துக்கு அது முதல் படம். ஒருவர் நடிக்க வேறொருவர் பாடும் முறையைத் தமிழில் முதன்முதலாகக் கையாண்ட படங்களில் அதுவும் ஒன்று. 1941-ல் பம்மல் சம்பந்த முதலியாரின் சபாபதியைப் படமாக்கினார், தமிழ்நாடே சிரித்தது.

குரலில் அவர் சமரசம் செய்துகொள்ளாதவர் என்பதற்கு 1945-ல் வந்த ஸ்ரீவள்ளி சாட்சி. முருகனாக மகாலிங்கம், வள்ளியாகக் குமாரி ருக்மிணி. ருக்மிணி நடித்ததோடு பாட்டையும் தாமே பாடியிருந்தார். அழகாக இருந்தார், நடிப்பும் எடுபட்டது, பாட்டு மட்டும் மெய்யப்பனுக்கு நிறைவாக இல்லை. மகாலிங்கத்தின் உச்சஸ்தாயிக்கு எதிரே நிற்கும் குரல் வேண்டும் என்று பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, ருக்மிணியின் வாயசைப்புக்கு அந்தக் குரலைப் பொருத்தினார். எடுத்து முடித்த படத்தில் இந்த மாற்றத்தைச் செய்வது அன்றைய கருவிகளுக்குச் சாதாரண வேலை இல்லை. படம் பெரும் வெற்றி. அதற்கு முந்தைய ஆண்டில் கன்னட ஹரிச்சந்திராவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டிருந்தார். ஒரு மொழிப் படத்துக்கு வேறொரு மொழியில் வாய் கொடுக்கலாம் என்று இந்தியாவுக்குக் காட்டிய முதல் படம் அது.

ரஸ்தாவில் ஒரு படநகரம்

1945 அக்டோபர் 14 அன்று ஏவி.எம். என்ற பெயரில் ஸ்டுடியோ பிறந்தது. போர்க்காலத்தின் பற்றாக்குறை இன்னும் விலகவில்லை. சென்னையில் மின்சாரத்துக்கே திண்டாட்டம். மெய்யப்பன் ஒரு காரைக்குடிக்காரர் செய்யக்கூடியதைச் செய்தார்: ஊருக்குத் திரும்பினார். காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். அதைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. நடிகர்கள், வாத்தியக்காரர்கள், ஒளிப்பதிவாளர்கள், தச்சர்கள், சமையற்காரர்கள் எல்லாருக்கும் அங்கேயே இருப்பிடம். செம்மண்ணும் வெயிலும் நிறைந்த அந்த இடத்துக்குச் சென்னைக் கலைஞர்கள் வந்து தங்கிப் படம் எடுத்தார்கள்.

அங்கே உருவான நாம் இருவர் 1947 பொங்கலுக்கு வெளியானது. ப.நீலகண்டனின் தியாக உள்ளம் என்ற நாடகம்தான் கதை. மெய்யப்பனே இயக்கினார், ஆர்.சுதர்சனம் இசை. நாடு விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. விடுதலை வந்தேவிட்டது என்று கும்மாளமிடும் பாரதியின் பாட்டுக்கு டி.கே.பட்டம்மாள் குரல் கொடுக்க, குமாரி கமலா ஆடினார். சினிமாவுக்குப் பாட மிகவும் யோசித்த பட்டம்மாள், பாரதி பாட்டென்றால் மறுக்கமாட்டார். தேசபக்தி, பரதநாட்டியம், மேடைக் கச்சேரியின் கண்ணியம் மூன்றையும் ஒரே திரையில் வைத்தார் மெய்யப்பன். கொட்டகைகளில் சனம் ஆர்ப்பரித்தது. அதே படத்தில் சிறுமிக் குரலில் காந்தியைப் பாடியவர் எம்.எஸ்.ராஜேஸ்வரி. 1960-ல் களத்தூர் கண்ணம்மாவில் சிறுவன் கமல்ஹாசன் வாயசைத்ததும் அவர் குரலுக்குத்தான்.

நாம் இருவருக்கு இன்னொரு பின்கதை உண்டு. பாரதி பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பன் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது அவர் உரிமை கோரினார். பாரதி தனியாருக்குச் சொந்தமா என்று தமிழ்நாடு கேட்டது, எழுத்தாளர்கள் திரண்டார்கள். வியாபாரியாக அவர் பக்கம் சட்டம் இருந்தது என்பதும், கவிஞனை ஊருக்குப் பொதுவாக்கச் சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதும் இரண்டுமே உண்மை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்துச் சென்னை அரசு 1949-ல் பாரதி பாட்டுரிமையை எடுத்துக்கொண்டபோது, மெய்யப்பன் தம் பங்கை ஒரு காசும் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். மரத்துண்டுக்கும் கணக்கெழுதும் வட்டாரத்தில் பிறந்தவர் லாபம் தரும் சொத்தை அப்படியே கொடுத்தார் என்பதைக் காரைக்குடியில் பெருமையோடுதான் சொல்ல வேண்டும்.

கோடம்பாக்கத்துக்குப் பிறகு

1948-ல் ஸ்டுடியோ சென்னைக் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அதற்குப் பிந்தைய வரலாறு தமிழ் வீடுகளுக்குத் தெரிந்ததே: வைஜயந்திமாலா அறிமுகமான வாழ்க்கை, சிவாஜி கணேசன் அறிமுகமான பராசக்தி. இசைத்தட்டு விற்று வளர்ந்தவர் 1954-ல் பாட்டே இல்லாத அந்த நாளைத் தயாரித்தார். இயக்கியவரோ வீணை மேதை எஸ்.பாலசந்தர். பாட்டின் அருமை தெரிந்த இருவர், அந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். 1964-ல் வந்த சர்வர் சுந்தரத்தில் நேர்மாறு. ஒலிப்பதிவுக் கூடத்தையே திரையில் காட்டினார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் கையசைக்க, டி.எம்.சௌந்தரராஜன் மைக் முன் பாட, வயலின்காரர்கள் வில்லிழுக்க, பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று ரசிகர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

குடும்பத்தை அவர் தொழிலிலிருந்து பிரித்து வைக்கவில்லை. மகன்கள் ஸ்டுடியோவிலேயே வேலை பழகினார்கள். முருகன், குமரன், சரவணன், பாலசுப்பிரமணியன் என நால்வரும் நிறுவனத்தைச் சேர்ந்து நடத்தினார்கள். பிள்ளைகளைப் பெட்டியடியில் உட்காரவைத்துப் பழக்கும் செட்டிநாட்டு முறை கோடம்பாக்கத்திலும் தொடர்ந்தது. அவர் படங்களில் திரும்பத் திரும்பக் குடும்பமே கதையானது: தாய்மை, பிரிந்த தம்பதி, அவர்களைச் சேர்த்துவைக்கும் குழந்தை. மனைவி ராஜேஸ்வரியின் பெயரில் சென்னை மயிலாப்பூரில் நிற்கும் கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நாட்களில் நாகஸ்வரமும் மற்ற நாட்களில் சபாக் கச்சேரிகளும் ஒலித்திருக்கின்றன. 1979 ஆகஸ்ட் 12 அன்று மெய்யப்பன் மறைந்தார்.

காரைக்குடியோ தன் வேகத்தில் வளர்ந்தது. வள்ளல் அழகப்பர் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பரின் கல்லூரி பல்கலைக்கழகமானது. சா.கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் விழா ஆண்டுதோறும் பங்குனியில் நடக்கிறது. மூலவரே உற்சவராகவும் வீதிக்கு வருகிற கொப்புடையம்மன் கோயிலில் திருவிழாக் கூட்டம் குறையவில்லை. 2024-ல் ஊர் மாநகராட்சியானது.

அடுத்த முறை காரைக்குடிக்கு வருகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கலாம். காலையில் அரியக்குடிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தேவகோட்டை ரஸ்தா வழியாக ஊருக்குள் வரலாம். கிளம்புவதற்கு முன் வீட்டில் நாம் இருவரைக் குடும்பத்தோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கமலா ஆடும் அந்தக் காட்சி எடுக்கப்பட்டது இந்த மண்ணில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்து வரலாம்.