ஸீக் ஆற்றங்கரையில் ஒரு சால்மன்

ரைன் நதியைப் பார்க்க வருகிறவர்கள் கொலோன் தேவாலயம், பானில் பீத்தோவன் பிறந்த வீடு, ஒரு படகுப் பயணம் என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பானுக்குச் சற்று வடக்கே ரைனில் வந்து சேரும் ஸீக் ஆறு யார் கண்ணிலும் படுவதில்லை. ரோட்ஹார் மலையில் பிறந்து ஸீகன், ஹென்னெஃப், ஸீக்புர்க் வழியாக சுமார் 155 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு இது. காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாய்க்கால் மாதிரிதான் தெரியும். ஆனாலும் ஜெர்மனியில் உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

எனக்கு ஊர் பவானி. பள்ளிக்கூடம் விட்டதும் மூங்கில் குச்சியில் நரம்பைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஓடியவன். இங்கே அப்படியெல்லாம் ஓட முடியாது. மீன் பிடிக்க முதலில் பரீட்சை எழுத வேண்டும். நாங்கள் இருக்கும் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் 60 கேள்விகள், அப்புறம் படத்தைப் பார்த்து மீனின் பெயரைச் சொல்வது, தூண்டிலைச் சரியாகப் பூட்டிக் காட்டுவது என்று மூன்று கட்டம். "மாஸ்டர்ஸுக்குக்கூட நீங்க இப்படிப் படிச்சிருக்க மாட்டீங்க" என்று மனைவி சிரித்தாள். பாஸ் செய்து உரிமம் வாங்கிய பிறகும், எந்த ஆறோ அந்த ஆற்றுக்கு உரிமை வைத்திருக்கும் சங்கத்திடம் தனியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

நான் ஸீக்குக்குப் போவது 'பார்பெ' மீனுக்காக. வாயோரம் நான்கு மீசை வைத்த கெண்டைக் குடும்பத்து மீன். நம் காவிரியின் மஹ்சீருக்குத் தூரத்துச் சொந்தம். கூழாங்கல் தரையும் வேகமான தண்ணீரும் இருக்கும் இடத்தில் அடியோடு மேயும். முள் அதிகம் என்று ஜெர்மானியர்கள் பெரும்பாலும் சீண்ட மாட்டார்கள். நமக்கு முள் ஒரு பிரச்சினையா? புளிக்குழம்புக்கு அருமை. ஒரே எச்சரிக்கை, இதன் சினையைத் தொடவே கூடாது. வயிற்றைப் பிடுங்கிப் போட்டுவிடும்.

போன செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. இரண்டு நாள் மழைக்குப் பிறகு தண்ணீர் லேசாகக் கலங்கி ஏறியிருந்தது. முள்ளில் மண்புழு, அடியில் ஈயக்குண்டு. பத்து மணி வாக்கில் தூண்டில் நுனி ஒரு முறை தட்டியது. சுண்டினேன். பார்பெ என்றால் அடியிலேயே கனமாக இழுத்துக்கொண்டு போகும். இது நேராக மேலே வந்து, உடம்பு முழுக்கத் தெரிய ஒரு துள்ளு துள்ளி விழுந்தது. ரீல் கத்த ஆரம்பித்தது. பார்பெ துள்ளாது. என்னவோ வேறொன்று மாட்டியிருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

இருபது நிமிஷம் இழுபறி. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த எழுபது வயதுப் பெரியவர் தன் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, வலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். மீன் வலைக்குள் வந்ததும் குனிந்து பார்த்தவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "லாக்ஸ்." சால்மன்!

கடல் ட்ரௌட் என்று ஒரு மீன் இதே சாயலில் இருக்கும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவர் காட்டினார். சால்மனுக்கு வால் அடி ஒல்லியாக இருக்கும், கையால் பிடித்தால் வழுக்காது. வாயின் ஓரம் கண்ணின் பின்விளிம்போடு நின்றுவிடும். இது ஆண். செம்புப் பழுப்பு நிறம், கீழ்த்தாடை கொக்கிபோல மேல்நோக்கி வளைய ஆரம்பித்திருந்தது. தூண்டில் கழியில் இருந்த கோடுகளை வைத்து அளந்தோம். 84 சென்டிமீட்டர்.

என் வாழ்நாளில் பிடித்த மிகப் பெரிய மீன். வறுவல், குழம்பு, நான்கு வீட்டுக்குப் பங்கு என்று மனசு கணக்குப் போடத்தான் செய்தது. ஆனால் சால்மனுக்கு இந்த மாநிலத்தில் வருஷம் முழுக்கத் தடை. உடனே திருப்பி விட்டாக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிடிக்க அனுமதியுள்ள, அளவு சரியான மீனை விளையாட்டுக்காகப் பிடித்துப் பிடித்து விடுவது இங்கே விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணாகப் பார்க்கப்படுகிறது. சாப்பிடத்தான் மீன் பிடிக்க வேண்டும். சால்மனுக்கு மட்டும் கதை தலைகீழ். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றினோம். தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். செவுள் நிதானமாக அசைந்தது. ஒரு நிமிஷம் இருக்கும், வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது.

"ஆற்றுக்குள் வந்த பிறகு இது ஒன்றும் சாப்பிடாது, தெரியுமா?" என்றார் பெரியவர். உண்மைதான். முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் சால்மன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்தே காலம் தள்ளும். புழுவைக் கவ்வுவது பழைய பழக்கமோ, கோபமோ. அதனால்தான் இப்படி மாட்டுவது அபூர்வம்.

இன்னும் அபூர்வமானது, சால்மன் இந்த ஆற்றில் இருப்பதே. ஒரு காலத்தில் ரைன் ஐரோப்பாவின் பெரிய சால்மன் நதிகளில் ஒன்று. 1885-இல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலுமாக சுமார் 2,50,000 சால்மன்கள் பிடிபட்டன. வாரத்துக்குச் சில நாள்களுக்கு மேல் சால்மன் போடக் கூடாது என்று வேலைக்காரர்கள் ஒப்பந்தம் போட்டதாகக் கதைகூட உண்டு. (அப்படி ஓர் ஒப்பந்தத்தை இதுவரை யாரும் கண்டெடுக்கவில்லை.) பிறகு தடுப்பணைகள் வந்தன, ஆலைக் கழிவு வந்தது, 1950-களோடு ரைனில் சால்மன் அற்றுப்போனது. 1970-களில் ரைனுக்கு ஐரோப்பாவின் சாக்கடை என்றே பெயர்.

1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசலுக்கு அருகே சாண்டோஸ் நிறுவனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்து ஆற்றில் கலந்து, நதி சிவப்பாக ஓடியது. விலாங்குகள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. அதற்கு அடுத்த வருஷம் ரைன் கரை நாடுகள் கூடி ஒரு திட்டம் போட்டன. 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் திரும்பி வர வேண்டும் என்பது அதன் இலக்கு. நீர் சுத்தமானதா என்பதற்கு அந்த மீனே சான்றிதழ். ஸீக்கில் 1988-லேயே குஞ்சுகளை விட்டுவிட்டார்கள். 1990-இல் ஹென்னெஃப் அருகே ஸீக்கில் சேரும் ப்ரோல் என்ற சிற்றாற்றில் முதல் பெரிய சால்மன் திரும்பி வந்தது. இன்றும் விடும் குஞ்சுகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் திரும்புவதில்லை. புய்ஸ்டோர்ஃப் தடுப்பணையில் ஆள் வைத்து, வருகிற ஒவ்வொன்றையும் எண்ணுகிறார்கள்.

இதையெல்லாம் அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு வயது மகள் கேட்டாள்: "அப்பா, அந்த மீனோட ஊர் எது?"

எங்கள் வீட்டில் அது சாதாரணக் கேள்வி இல்லை. ஒரு மாதம் முன்பு வீடியோ காலில் அவளுடைய அப்பத்தா "உன்ற ஊர் எது கண்ணு?" என்று ஆசையாகக் கேட்க, பானில் பிறந்தவள் பட்டென்று "பான்" என்றாள். "அப்ப பவானி உன்ற ஊர் இல்லையா சாமி?" அம்மாவின் குரல் இறங்கிப்போனது. அன்றிலிருந்து அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை.

ரைனுக்கே உரிய பழைய சால்மன் வம்சம் அழிந்துபோய்விட்டது. ஸீக்கில் விட்டவை முதலில் அயர்லாந்து, பிறகு ஸ்வீடனின் ஏட்ரான் ஆற்று வம்சத்திலிருந்து வந்தவை. ஆனால் குஞ்சு ஒன்றிரண்டு வருஷம் ஸீக்கில் வளர்ந்து, அதன் தண்ணீர் வாசனை மூளையில் பதிந்த பிறகே கடலுக்குப் போகிறது. வட அட்லாண்டிக்கில் வருஷக்கணக்கில் சுற்றிவிட்டு அது தேடி வருவது ஸ்வீடனை இல்லை, ஸீக்கைத்தான். முன்னோர்களின் ஆறு எது என்று அதற்குத் தெரியாது. சின்ன வயதில் எந்தத் தண்ணீரில் இருந்ததோ அதுதான் ஊர்.

"அப்போ ஸீக்தான் அதோட ஊர்" என்றாள் மகள், கணக்கு சரியாக வந்துவிட்ட திருப்தியில். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மீனுக்கு ஓர் ஊர்தான் இருக்க முடியும். மனிதருக்கு இரண்டு இருக்கலாம். ஆனால் ஃபோனில் கேட்டு ஊர் பதியாது. இரண்டு வாரம் போய், கோயில், கல்யாணம், துணிக்கடை என்று ஓடிவிட்டுத் திரும்பினாலும் பதியாது. எங்கள் குழந்தை காவிரியில் கால் நனைத்தது இதுவரை ஒரே ஒரு தடவை. அப்போது அவளுக்கு ஒரு வயது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்குங்கள். கொலோனிலிருந்து எஸ்-12 ரயில் ஸீக்புர்க், ஹென்னெஃப் வழியாக ஆற்றை ஒட்டியே போகும். கரையோரம் நடக்க, சைக்கிள் ஓட்ட நல்ல பாதை இருக்கிறது. ஆறு ரைனில் சேரும் இடத்துக்கு அருகே ட்ரோய்ஸ்டோர்ஃப்-பெர்க்ஹைமில் மீனவர் அருங்காட்சியகம் உண்டு. அவ்வூர் மீனவர் சகோதரக் கூட்டம் தங்கள் தொடக்கமாகச் சொல்வது 987-ஆம் ஆண்டை. ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து! குழந்தைகளுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. வருவதற்கு முன் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடை விடுமுறையில் நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். பள்ளி லீவு ஆறு வாரம், அத்தனையும் பவானியில். நான் பாதி நாள் அங்கிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் சம்மதம் வாங்கிவிட்டேன். ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் பேத்தியோடு முளைப்பாரி விட வேண்டும் என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார். மகளுக்கு வேறு கவலை. "அப்பா, அங்கே மீன் பிடிக்கவும் பரீட்சை எழுதணுமா?"