கேட்டில் இருந்த போன்

2021 ஆகஸ்டில் ஒரு பெண்ணிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "அண்ணா, அம்மா போன் கேட்ல இருந்துச்சு. சாயங்காலம்தான் பார்த்தேன். அந்த டீம்ல இன்னொரு தடவை கேக்கச் சொல்வீங்களா?" படித்தேன். அவள் என்ன சொல்கிறாள் என்பதும் உடனே புரிந்தது. ஆனால் அதற்கு நான் பதில் எழுதவில்லை.

கேட் என்று அவள் எழுதியது பட்டாசு ஆலையின் வாசலை. வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் போன் போகக் கூடாது. காலையில் கம்பெனி வண்டியில் போய் இறங்குகிற பெண்கள் வாசலில் போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வண்டி ஏறும்போது வாங்கிக்கொள்வார்கள். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் திருத்தங்கல்காரன். என் அம்மா பதினாறு வருஷம் பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையில் சரம் பின்னியவர். கல்லூரி விடுதியில் இருந்த நான்கு வருஷமும் ஆறு மணிக்கு முன்னால் நான் வீட்டுக்குப் போன் போட்டதே இல்லை.

அப்படிப்பட்ட நான்தான், ஹேக்கத்தான் போட்டிகளுக்கு ஆள் தேடி அணி சேர்க்கும் அந்தத் தளத்தைக் கட்டினேன்.

ஹேக்கத்தான் என்ற சொல் 1999இல் பிறந்தது. நம் மாணவர்களிடம் அதைக் கொண்டுவந்து சேர்த்தது 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். ஒரு பிரச்சினையைக் கொடுப்பார்கள். அணி உட்கார்ந்து, தூங்காமல், அதற்கு ஒரு தீர்வைச் செய்து காட்ட வேண்டும். அணிக்கு ஆறு பேர், அதில் குறைந்தது ஒரு பெண். கொரோனா வந்து எல்லாம் இணையத்துக்கு மாறியபோது, ஒரே வகுப்பில் தோள் இடித்து உட்கார்ந்திருந்தவர்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். நண்பர் கூட்டம் இருந்தவர்கள் அப்போதும் அணி சேர்ந்துவிட்டார்கள். சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு வழி இல்லை. அவர்களுக்காகத்தான் இந்தத் தளம் என்று சொல்லித்தான் நான் வேலையை ஆரம்பித்தேன். நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று என்பதை ஒரு பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டு, உதவி கேட்ட இடத்திலெல்லாம் காட்டினேன். அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எனக்கு உதவியும் கிடைத்தது.

தளம் வேலை செய்த விதம் இதுதான். ஒருவர் தன் திறமைகளைப் பதிய வேண்டும். அணித் தலைவர் தேடிப் பார்த்து அழைப்பு அனுப்புவார். இவர் ஏற்றால் அணியில் சேர்ந்துவிடலாம். அழைப்பு அனுப்பும் உரிமையை, நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தின் இணைப்பைக் கொடுத்தவர்களுக்கு மட்டும் வைத்தேன். விளையாட்டாகப் பதிகிறவர்களை வடிகட்ட என்று காரணம் சொல்லிக்கொண்டேன். இதன் விளைவு தெரியாமல் செய்ததல்ல. டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் 1962இல் எழுதிய, ஜோடி சேர்ப்பது பற்றிய கட்டுரையை நான் கல்லூரியிலேயே படித்திருந்தேன். அவர்களுடைய முறையில், கேட்கிற பக்கத்துக்குத்தான் கிடைக்கக்கூடியதில் மிக நல்லது அமையும். கேட்கப்படுகிறவர் தன்னைத் தேடி வந்ததிலிருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பெண் பார்க்கும் சடங்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள கணிதம்கூட வேண்டாம். யாருக்குக் கேட்கும் உரிமை, யார் காத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் நான் இருந்தேன். கிட்ஹப் இணைப்பு இல்லாத எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் காத்திருக்கும் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்ததைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். முதலில் ஓர் அழைப்பு 24 மணி நேரம் உயிரோடு இருந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அணித் தலைவர்கள் புகார் சொன்னார்கள்: பதிலே வருவதில்லை, ஒரு நாள் வீணாகிறது. நான் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன். நிரலில் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்றும்போது என் கை ஒரு நிமிஷம் நின்றது. கேட்டில் கிடக்கும் போன்கள் எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தன. பகல் முழுக்க வாசலில் கிடக்கும் போனுக்கு இரண்டு மணி நேரம் போதாது என்று மனசு சொன்னது. ஆனாலும் மாற்றினேன். அணிகள் வேகமாக நிரம்பின. போட்டி நடத்தியவர்கள் பாராட்டினார்கள். அவர்களுக்குக் கொடுத்த அறிக்கையில், நேரத்துக்குள் பதில் சொன்னவர்களை மட்டும் கணக்கில் எடுத்து, இத்தனை பேருக்கு அணி கிடைத்தது என்று எழுதினேன். பதில் சொல்ல முடியாதவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

எனக்குச் செய்தி அனுப்பிய அவளுக்கு வந்தது ஒரே ஓர் அழைப்பு. காலை 9.40க்கு அம்மாவின் போனுக்கு வந்து 11.40க்குக் காலாவதியானது. அனுப்பியது ஐந்து பையன்கள் கொண்ட அணி. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் விதியையே அந்தப் போட்டியும் வைத்திருந்தது. ஆறாவதாக ஒரு பெண் வேண்டும். அதற்காகத்தான் தேடியிருக்கிறார்கள்.

அவளுடைய பதிவை நான் முழுதாகப் படித்தது பல மாதம் கழித்து, தளத்தை மூடும்போது. திறமை என்ற இடத்தில் எக்செல், கொஞ்சம் பைத்தான். அதன் கீழே 'பிற' என்று ஒரு பெட்டி வைத்திருந்தேன். அதில் எழுதுவது சேமிக்கப்படும், ஆனால் தேடுகிறவர் திரையில் தெரியாது. காட்டுவதற்கான பகுதியை நான் எழுதவே இல்லை. அந்தப் பெட்டியில் அவள் தமிழில் ஒரு யோசனை எழுதியிருந்தாள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அவசர ஆர்டர் வந்தால் மரத்தடியிலும் உட்கார வைக்கிறார்கள். அறை வாசலில் ஆளை எண்ணும் கருவி வைத்து, ஐந்தாவது ஆள் நுழைந்தால் அந்த அறையில் இருப்பவர்களுக்கே தெரிகிற மாதிரி விளக்கு எரிய வேண்டும். மருந்துப் பக்கத்தில் மின்பொறி வரக் கூடாது, அதனால் கருவியைச் சுவருக்கு வெளியே வைக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி: அச்சங்குளத்துக்கு அப்புறம் அம்மா வேலைக்குப் போகும்போது பயமாக இருக்கிறது.

சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது 2021 பிப்ரவரி 12இல். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் அதைவிட அதிகம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எங்கள் பக்கம் பேசுவது அவள் எழுதியதைத்தான்: எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள். போட்டிக்கு வந்த எந்த அணியிலும் இப்படி ஒரு பிரச்சினையை உள்ளிருந்து தெரிந்தவர் இல்லை. சுவருக்கு வெளியே வைக்க வேண்டும் என்று எந்தப் பொறியியல் மாணவனுக்கு முதலில் தோன்றும்? மருந்து ஒட்டிய கையோடு சாயங்காலம் வீடு வருகிற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவளுக்குத் தோன்றியது. அதை ஐந்து பையன்களும் பார்க்கவில்லை. பார்க்கும்படி நான் வைக்கவில்லை.

செய்தி வந்த அன்று ராத்திரி அந்த அணியில் இன்னும் இடம் பாக்கி இருந்ததா என்று பார்க்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு விதிவிலக்கு கொடுத்தால் விதியே தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டி வரும், அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. பின்னால் அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள்.

என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "உனக்குத் தெரியும்லடா?" தெரியும் என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

போட்டி நடத்துகிறவர்களிடமும் இப்படித் தளம் கட்டுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அழைப்பு எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கலாம் என்று எண் போடும் இடம் வரும்போது, குறைந்தது அன்று ராத்திரி பத்து மணி வரையாவது விடுங்கள். சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் போன் கேட்டை விட்டு வெளியே வர சாயங்காலம் ஆகும்.